உறை கிழிந்தால் தெரியாது

ஜூன் 8

காலையில் வடிவு குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"எடது கக்கத்துல நெறி கட்டுன மாதிரி இருக்கு."

"காய்ச்சல் உண்டா?"

"இல்ல. வலியும் இல்ல. தொட்டுப் பாக்கீங்களா?"

கையெல்லாம் சிவப்பு மை. கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். கழுவிவிட்டு வந்தபோது அவள் அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கேட்கவில்லை.

இதை எங்காவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். புற்றுநோய். அதே மயக்கத்திலேயே அந்த இடத்தில் ஒரு சிலிக்கோன் பையை வைத்துத் தைத்தார்கள். பை வைக்கச் சொன்னது அவளுடைய அண்ணன் நெல்லையப்பன். நான் வேண்டாம் என்றேன். "மாப்ளே, நாளைக்குத் தாரிணிக்கு மாப்பிள்ள பாக்கணும்லா? வெளிய தெரியப்படாதுன்னா இதான் வழி" என்றார். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். விடுதியில் படித்துக்கொண்டிருந்த மகள் தாரிணிக்கும் அதுவே.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: "இந்தப் பையோட உறை என்னைக்காவது கிழியலாம். கிழிஞ்சா வலிக்காது, வடிவம் மாறாது, உங்களுக்குத் தெரியாது. அஞ்சாவது வருஷம் ஒரு எம்.ஆர்.ஐ. எடுங்க. பெறகு ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு." பழைய நோய் திரும்பியதா என்று பார்க்க வருடா வருடம் வரவும் சொன்னாள். மூன்றாம் வருடம் போனபோது காத்திருக்கும் கூடத்தில் எங்கள் கல்லூரி நூலகர் தன் மாமியாரோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. ஐந்தாம் வருடம் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய சமயத்தில் தாரிணியின் ஜாதகம் வெளியே போயிருந்தது. ஆகவே அதுவும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

முப்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். சிலிக்கோன் எதனோடும் எளிதில் வினைபுரியாது. "நம்ம ரெண்டு பேரையும் எரிச்ச பெறகும் அது கெடக்கும்" என்று அப்போது அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எப்போதுமே அவளுக்கு நகைச்சுவை குறைவு.

ஜூன் 15

தென்காசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சிவநேசன் பரவாயில்லை, அதிகம் பேசுவதில்லை. அவனுடைய அம்மா ஆவுடையம்மாள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறாள். பந்தியில் வடிவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மைனி, சரியாச் சாப்பிட மாட்டேங்கீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல மைனி. வெயிலு."

"இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம். இனி நாம வேத்தாளா?"

நான் இடையில் புகுந்து, பாயசத்தில் வெல்லம் தூக்கல் என்றேன். அந்த அம்மாளுக்கு அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணம் ஆவணியில்.

ஜூன் 19

கக்கத்துக் கட்டிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று வடிவு கேட்டாள். திருநெல்வேலியில் எடுக்க முடியாது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். சென்னைக்குப் போனால் மச்சான் நெல்லையப்பன் வீட்டில் தங்க வேண்டும். அவர் தன் தியாகங்களைச் சொல்ல ஆரம்பிப்பார். மதுரை என்று முடிவு செய்தேன்.

விடுப்பு கேட்டு முதல்வர் அறைக்குப் போனேன். தாணுமாலயன். துறைக்கு எனக்குப் பிந்தி வந்தவன். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது கல்லூரியில் தோட்டக்காரனுக்குக்கூடத் தெரியும். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காகளா சார்?" என்றான். குரலில் அக்கறை மாதிரி ஒன்று. நல்லா இருக்காக என்றேன்.

ஜூன் 23

மதுரை போய் வந்தோம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்றினாள். தாலிச் சங்கிலியில் இரண்டு ஊக்கு கோத்து வைத்திருந்தாள். அங்கே வேலை பார்க்கும் பெண் அதைப் பார்த்து, "எல்லா அம்மாவும் இதக் கோத்துட்டுத்தான் வாராங்க" என்றாள். வடிவு தயாராக மஞ்சள் கயிறு ஒன்றில் விரலி மஞ்சள் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு சங்கிலியை என் கையில் கொடுத்தாள். சூடாக இருந்தது.

முன் மேஜையில் அந்தப் பெண் விவரம் கேட்டாள். "என்னத்துக்கும்மா ஆபரேஷன் பண்ணுனீங்க? அழகுக்கா, நோய்க்கா?"

வடிவு வாயைத் திறந்தாள். நான் சொன்னேன்: "சாதாரணக் கட்டி. பயப்படுத மாதிரி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. முன்னெச்சரிக்கையா எடுத்தது."

"கேன்சர் இல்லல்ல சார்?"

"இல்ல."

அவள் அதைக் கணினியில் தட்டினாள். வடிவு என்னைப் பார்த்தாள். கூடத்தில் இருபது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அதில் திருநெல்வேலிக்காரன் எத்தனை பேர், தென்காசிக்காரன் எத்தனை பேர், யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை வீட்டுக்கு மதுரையிலும் சொந்தம் உண்டு.

குப்புறப் படுக்கவைத்து எடுத்தார்களாம். பிறகு கக்கத்தில் அல்ட்ராசவுண்டும் பார்த்தார்கள். திரும்பும்போது விருதுநகர் தாண்டியதும் வடிவு கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"ஸ்கேன் பாக்கவனுக்கு அது எதுக்கு? படத்துல உள்ளது படத்துல தெரியும்."

"டாக்டர்ட்டகூடச் சொல்லப்படாதா?"

டிரைவர் முன்னால் இருந்தான். மெதுவாகப் பேசு என்றேன். வீடு வரை மெதுவாகக்கூடப் பேசவில்லை.

ஜூன் 26

அறிக்கை வந்துவிட்டது. படம் பார்த்த டாக்டரோடு போனில் பேசினேன். இளைஞர், பொறுமையாகச் சொன்னார். உறை கிழிந்திருக்கிறது. ஆனால் பையைச் சுற்றி உடம்பே ஒரு மூடி கட்டிவைத்திருக்கிறது. அது அப்படியே இருக்கிறது. கூழ் அதற்குள்ளேயே கிடக்கிறது. கிழிந்த உறை அதில் மடிந்து மடிந்து மிதக்கிறது. "இடியாப்பம் மாதிரி தெரியும் சார்." கொஞ்சம் சிலிக்கோன் கசிந்து கக்கத்து நெறிக்குள் போயிருக்கிறது. அல்ட்ராசவுண்டில் அங்கே பனி பெய்தது மாதிரி ஒரே வெள்ளை.

"கேன்சர் இருந்தவங்களா இருந்தா வேற மாதிரி யோசிப்போம். இவங்களுக்கு அப்படி எதுவும் இல்லைங்கிறதால அவசரம் இல்ல. வசதிப்படும்போது பைய எடுத்துருங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு எம்.ஆர்.ஐ. பாத்துக்கலாம்."

வடிவிடம் சொன்னேன்: "நான் சொல்லல? வெறும் சிலிக்கோன்."

"அவரு சொன்ன எல்லாத்தையும் சொல்லுதீங்களா?"

எல்லாவற்றையும்தான் என்றேன்.

ஜூலை 2

வடிவு ஒரு வாரமாக இடியாப்பம் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 9

சென்னைக்குப் போய்ப் பழைய டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்கிறாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. மண்டபம், சமையல், பட்டுப்புடவை. இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் யாருக்கு என்ன சொல்வது? அவசரமில்லை என்று படித்தவன் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

"சரி, கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

அவளேதான் சொன்னாள். தேதி போட்டுக் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 27

புடவைக்கு ரவிக்கை தைத்து வந்தது. இடது கை ஏறவில்லை. தையற்கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"அளவு ரவிக்கைய வச்சுத்தான் சார் வெட்டுனேன்."

"அப்ப ஏன் ஏறல?"

"வலது கை சரியா இருக்குல்லா? அம்மாவுக்கு எடது கை கொஞ்சம் ஊதியிருக்கோ என்னமோ."

தன் தவறை வாடிக்கையாளர் உடம்பின் மேல் போடுகிற ஆள். பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 14

ரவிக்கையை இரண்டாம் தடவையும் பிரித்துத் தைக்கக் கொடுத்தோம். இனிப் பிரிக்கத் துணி இல்லை என்கிறான் தையற்கடைக்காரன்.

வடிவு இப்போது இடது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நடுவில் அந்தத் தலையணை.

ஆகஸ்டு 28

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாணுமாலயன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். மச்சான் நெல்லையப்பன் தானே பெண்ணைப் பெற்றவர் போல வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். வடிவு நாள் முழுக்கப் புடவைத் தலைப்பை இழுத்து இடது தோளைப் போர்த்திக்கொண்டிருந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தாரைவார்க்கும்போது செம்பைத் தூக்கக் கை வரவில்லை அவளுக்கு. ஆவுடையம்மாள் எதிரிலிருந்து எட்டி வந்து, யாரும் சொல்லாமலே அடியில் கைகொடுத்தாள். முறைப்படி அது அவள் வேலை இல்லை.

செப்டம்பர் 9

சென்னை. டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. வடிவின் கக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். மதுரை அறிக்கையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதுல 'புற்றுநோய் வரலாறு இல்லை'ன்னு இருக்கு?"

நான் விளக்க ஆரம்பித்தேன்: உறை, மூடி, நெறிக்குள் போன சிலிக்கோன்.

"அதெல்லாம் சரி சார். சிலிக்கோன் இருந்தா அல்ட்ராசவுண்டுல வெள்ளையா மறைக்கும். அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. கேன்சர் பேஷன்ட்டுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஊசி போட்டு எடுத்துப் பாத்திருப்பாங்க. யாரு இப்படிச் சொன்னது?"

"நாந்தான் டாக்டர்" என்றாள் வடிவு.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் திருத்தவில்லை. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள், டாக்டருக்கும் நேரமில்லை.

பரிசோதனைக்கு நெறியிலிருந்து ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 16

நெறியில் சிலிக்கோன் இருக்கிறது. நோயும் இருக்கிறது.

செப்டம்பர் 20

முழு உடம்பு ஸ்கேன். கல்லீரலில் இரண்டு இடம், முதுகெலும்பில் ஓர் இடம். ஆபரேஷன் இப்போது இல்லை, மருந்துதான். கிழிந்த பை அப்படியே உள்ளே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். "அத இப்ப தொட வேண்டாம், மருந்து தள்ளிப் போயிரும்."

மச்சான் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறோம். மச்சான் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பேன். மதுரைக்காரனுக்குக் கண் எங்கே போயிற்று? அவன் படித்ததற்கு என்ன அர்த்தம்? மார்பை எடுத்த இடம் படத்தில் தெரியவே செய்யும். ஏன் எடுத்தார்கள் என்று இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டியது அவன் வேலை. வழக்குப் போட முடியுமா என்று என்னோடு படித்த வக்கீலிடம் கேட்டேன். "அவங்க கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றான். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 4

முதல் மருந்து ஊசி முடிந்து ஊருக்கு வந்து ஒரு வாரம். சீப்பில் முடி வருகிறது.

வடிவு சொன்னாள்: "தாரிணிட்டச் சொல்லணும்."

"இப்பதான் கால் வச்சிருக்கா அந்த வீட்ல."

"அதுக்காவத்தான் சொல்லணும். அவளும் பாத்துக்கிடணும்லா? எனக்கு வந்தது அவளுக்கு வராதுன்னு எழுதியா வச்சிருக்கு?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

"எங்கிட்ட இனி கொஞ்ச நாளு இல்லீங்க."

எப்போதும் இப்படித்தான், ஒரு வாக்கியத்தில் ஆளை மடக்கிவிடுவாள். மத்தியானம் நான் கல்லூரியில் இருக்கும்போது போன் செய்து சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 5

தாரிணி வந்தாள். கூடவே ஆவுடையம்மாளும் ஒரு பெரிய தூக்குவாளியோடு. தாரிணி நேரே உள்ளே போய் அம்மாவின் மடியில் விழுந்தாள். நான் சம்பந்தியை வரவேற்று உட்காரச் சொல்லி, சொல்லவேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன்: மறைக்கவேண்டும் என்ற எண்ணம் இல்லை, சூழ்நிலை அப்படி.

"அண்ணாச்சி, அது எங்களுக்குத் தெரியும்லா" என்றாள்.

"எது?"

"மைனிக்கு மார்ல ஆபரேஷன் ஆனது. உங்க காலேஜு நூலகரு இருக்காருல்லா, அவரு மாமியாரு எங்க தெருதான். பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னாலயே சொல்லிட்டாக. எங்க வீட்டு அய்யாகூட, 'இதுக்காவ ஒரு நல்ல பொண்ண விடுவாகளா, நம்ம வீட்ல யாருக்கும் நோவே வரலையா'ன்னு கேட்டாக."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தோம். நிச்சயதார்த்தத்துல மைனிட்ட வாயப் புடுங்கிப் பாத்தேன். சொல்லல. சரி, அவுகளுக்குச் சங்கடம்னு விட்டுட்டேன். உடம்பு சொகமாயிருச்சுன்னுல்லா நெனச்சேன்! கல்யாணத்தன்னைக்குக் கையப் பாத்த பெறகுதான் எனக்குப் பக்குன்னுச்சு."

உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. "எதுக்கு மைனி இப்பிடி ஒளிச்சு வச்சீங்க?" என்றாள். வடிவு என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு, ஆச்சரியம், தூக்குவாளியில் இருந்த சொதியைப் பற்றிப் பேசி இரண்டு பேரும் சிரித்தார்கள். "உப்பு பத்தலையோ மைனி?" "நாக்குல ருசி இல்ல மைனி, ஊசி போட்டா அப்பிடித்தானாம்." "அப்ப எம்மேல தப்பில்ல, கடவுள் காப்பாத்துனாரு."

எல்லாம் தெரிந்துகொண்டே ஒரு மனுஷி மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் மதுரைக்குப் போயிருக்கவே வேண்டாம். நேரே சென்னைக்குப் போயிருப்போம். இதை நான் மன்னிப்பதாக இல்லை.

அக்டோபர் 19

தீபாவளிக்குத் தலைதீபாவளிக்காரர்கள் வந்தார்கள். வடிவு மொட்டைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பலகாரத்துக்கு மேற்பார்வை. ஆவுடையம்மாள்தான் அடுப்பில். என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

நவம்பர் 3

இரண்டு நாளாக வாந்தி. இடது கையை இப்போது துணிபோட்டுச் சுற்றி வைக்க வேண்டும், விரல் பக்கமிருந்து மேலே. தாரிணி செய்து காட்டிவிட்டுப் போனாள். நான் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறது என்கிறாள் வடிவு, தளர்த்தினால் அவிழ்கிறது. "பரவால்ல, விடுங்க. நாளைக்கு மைனி வருவாக" என்கிறாள்.

நவம்பர் 20

சென்னை. மூன்றாவது ஊசிக்கு முன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா படங்களைத் திரையில் ஓட்டினாள். முதுகெலும்பில் ஓர் இடம் இருந்தது மூன்றாகியிருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டும் என்றாள். புது மருந்து சிலருக்குக் கேட்கும் என்றாள். எத்தனை பேருக்கு என்று நான் கேட்டேன். மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

எழுந்திருக்கும்போது நினைவு வந்து கேட்டேன். "டிசம்பரோட ஆறு மாசம் ஆகுது. பையை மறுபடி எம்.ஆர்.ஐ. பாக்கச் சொல்லியிருந்தாங்களே. எப்ப எடுக்கணும்?"

"அது இனி தேவையில்ல சார்."

"உறை கிழிஞ்சிருக்கு டாக்டர். கூழ் மூடியத் தாண்டி வெளிய போகுதான்னு பாக்கணும்லா? நீங்கதான் சொன்னீங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம்னு. அப்ப அடுத்தது…"

அவள் வடிவைப் பார்த்தாள். வடிவு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு நாம எங்க போக? வாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ரயிலுக்கு வந்தோம். எங்களுக்கு எதிர் இருக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாம். என்னைப் பார்த்ததும், "நீங்க கெமிஸ்ட்ரி சாருல்லா? எங்க தம்பி உங்ககிட்டதான் படிச்சான்" என்றாள். தலையாட்டினேன். வண்டி தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன விசேஷமா மெட்ராஸுக்கு?"

"என் மச்சான் வீட்ல ஒரு…" என்றேன்.

"எனக்குக் கேன்சரும்மா" என்றாள் வடிவு. பெட்டியில் எல்லோருக்கும் கேட்கும் குரல். "ஆறு வருஷத்துக்கு முன்ன வந்துச்சு. இப்ப திரும்பிட்டு. ஊசி போடத்தான் மாசா மாசம் வந்துட்டுப் போறோம். இந்த மாசம் மருந்து கேக்கலன்னுட்டாக."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தன் போனைத் தாழ்த்தினான். அந்தப் பெண் எழுந்து வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கியிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "துணி சுத்தலையாக்கா? கொண்டாங்க, எங்க அம்மாவுக்கு நாந்தான் சுத்துவேன்."

வடிவு அவளிடம் பேசிக்கொண்டே வந்தாள். முதலில் கட்டி தெரிந்தது, தொட்டுப் பார்க்கச் சொன்னது, மதுரை, எல்லாம். நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னாள். கோபமில்லாமல், யாரோ அண்டை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

கீழே மூன்று பேருக்கு இடம் போதவில்லை. நான் மேல் படுக்கையில் ஏறிவிட்டேன். இங்கே நிமிர்ந்து உட்கார முடியாது, படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பேச்சு இன்னும் கேட்கிறது.